தலைநகரம் கட்டுகிறார்கள்

எங்கள் மாலை வகுப்பு ராமச்சந்திராபுரத்தில் நடக்கிறது. இந்த ஊர் ஐதராபாத் நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. வகுப்புக்கு வருபவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கட்டட வேலை செய்கிறார்கள். சித்தாள், பெரியாள், சென்ட்ரிங் வேலை என்று பல வேலைகள்.

ஒரு நாள் ஓர் அக்கா கேட்டார்.

“தம்பி, எங்க வீட்டுக்காரரை மேஸ்திரி அமராவதிக்கு வேலைக்குக் கூப்பிடறாரு. அங்க புதுசா தலைநகரம் கட்டறாங்களாம். ஊரே இல்லாத இடத்துல தலைநகரம் எப்படித் தம்பி வரும்?”

பக்கத்தில் இருந்த பெரியவர் உடனே சொன்னார்.

“ஊரே இல்லாத இடம்னு யாரும்மா சொன்னா? நிலம்னு ஒண்ணு இருந்தா, அதுல யாராச்சும் உழுதுக்கிட்டு இருப்பாங்க இல்ல?”

இரண்டு பேர் கேட்டதும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் பதில் தேடுவோம்.

தலைநகரம் என்றால் என்ன?

அரசு நடக்கும் ஊர்தான் தலைநகரம். முதலமைச்சர் அலுவலகம் அங்கே இருக்கும். சட்டசபை அங்கே கூடும். தலைமைச் செயலகம் அங்கே இருக்கும். பெரும்பாலும் உயர் நீதிமன்றமும் அங்கேயே இருக்கும்.

தலைநகரம் இரண்டு வகையில் உருவாகிறது. சில ஊர்கள் தாமாக வளரும். வியாபாரம் பெருகும். மக்கள் சேருவார்கள். பிறகு அது தலைநகரம் ஆகும். வேறு சில ஊர்கள் தலைநகரமாக இருப்பதற்காகவே கட்டப்படும். முதலில் தாளில் கோடு போடுவார்கள். பிறகுதான் தரையில் கோடு போடுவார்கள். சாலை இங்கே, பூங்கா அங்கே, அலுவலகம் இன்னொரு பக்கம் என்று முன்கூட்டியே முடிவு செய்வார்கள்.

நம் பக்கத்தில் உள்ள பி.எச்.இ.எல். குடியிருப்பைப் பாருங்கள். 1960களில் இங்கே தொழிற்சாலை வந்தது. அதற்காக இந்தக் குடியிருப்பைத் திட்டமிட்டுக் கட்டினார்கள். சாலைகள் நேராக இருக்கின்றன. ஓரத்தில் மரங்கள் இருக்கின்றன. பள்ளிக்கும் கடைக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. வெளியே வந்து பழைய ஊருக்குள் நடந்து பாருங்கள். சந்துகள் வளைந்து வளைந்து போகும். திட்டமிட்ட இடத்துக்கும் தானாக வளர்ந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

ஐதராபாத்தும் அப்படி வந்ததுதான்

நாம் இருக்கும் ஐதராபாத்தே தலைநகரமாக இருப்பதற்காகக் கட்டப்பட்ட ஊர்தான். இது பலருக்குத் தெரியாது.

முன்பு கோல்கொண்டா கோட்டைதான் தலைநகரம். குதுப் ஷாகி அரசர்கள் அங்கிருந்து ஆண்டார்கள். கோட்டைக்குள் ஜனங்கள் பெருகினார்கள். இடம் போதவில்லை. தண்ணீருக்கும் கஷ்டம் வந்தது. அதனால் முகமது குலி குதுப் ஷா என்ற அரசர் 1591ஆம் ஆண்டு புதிய நகரம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். மூசி ஆற்றின் தென்கரையில் இடம் பார்த்தார்கள். அரசரின் அமைச்சர் மீர் மோமின் திட்டம் வகுத்தார்.

நகரத்தின் நடுவில் சார்மினார் எழுந்தது. அதிலிருந்து நான்கு திசையிலும் நான்கு சாலைகள் போட்டார்கள். சாலை ஓரங்களில் கடைகள் வந்தன. மருத்துவமனையும் கட்டினார்கள். தாருல்ஷிஃபா என்ற பெயர் இன்றும் அந்த இடத்துக்கு இருக்கிறது. ‘நோய் தீர்க்கும் வீடு’ என்பது அதன் பொருள். அடுத்த முறை சார்மினார் போனால் நடுவில் நின்று நான்கு பக்கமும் பாருங்கள். நானூறு வருடங்களுக்கு முன்னால் தாளில் போட்ட கோடு இன்றும் தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்க முடியாது. 1908ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மூசி ஆற்றில் பெரிய வெள்ளம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் வெள்ளத்தைத் தடுக்கும் வழியைத் தேடினார்கள். பொறியாளர் விசுவேசுவரய்யா வந்து ஆலோசனை சொன்னார். 1920இல் உஸ்மான் சாகர் அணை முடிந்தது. 1927இல் இமாயத் சாகர் அணை முடிந்தது. ஆற்றங்கரையில் ஊர் கட்டுபவர்கள் ஆற்றை மறக்கக் கூடாது. இது ஐதராபாத் கற்ற பாடம்.

மூன்று முறை மாறிய தலைநகரம்

இப்போது ஆந்திராவின் கதைக்கு வருவோம்.

ஆந்திரா முன்பு சென்னை மாகாணத்தில் இருந்தது. அப்போது தமிழருக்கும் தெலுங்கருக்கும் சென்னைதான் தலைநகரம். தெலுங்கு பேசும் மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்று பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார். 1952ஆம் ஆண்டு டிசம்பர் 15 அன்று உயிர் விட்டார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை தமிழ்நாட்டோடு நின்றது. கர்னூல் ஆந்திராவின் தலைநகரம் ஆனது.

1956 நவம்பர் 1 அன்று தெலங்கானா பகுதியும் சேர்ந்தது. ஆந்திரப் பிரதேசம் உருவானது. தலைநகரம் ஐதராபாத்துக்கு மாறியது.

2014 ஜூன் 2 அன்று தெலங்கானா தனி மாநிலம் ஆனது. ஐதராபாத் தெலங்கானாவுக்குள் இருக்கிறது. அதனால் பத்து வருடங்களுக்கு மட்டும் இரண்டு மாநிலங்களுக்கும் ஐதராபாத் பொதுத் தலைநகரம் என்று சட்டம் சொன்னது. அந்தக் கெடு 2024 ஜூன் 2 அன்று முடிந்தது.

சென்னை போனது, கர்னூல் போனது, ஐதராபாத்தும் போனது. ஆந்திராவுக்கு இன்னொரு தலைநகரம் தேவைப்பட்டது.

எங்கே கட்டுவது?

மத்திய அரசு 2014இல் சிவராமகிருஷ்ணன் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. விஜயவாடாவுக்கும் குண்டூருக்கும் நடுவில் உள்ளது நல்ல விளைநிலம், அங்கே பெரிய நகரம் கட்ட வேண்டாம் என்று அந்தக் குழு எச்சரித்தது. அலுவலகங்களைப் பல ஊர்களில் பிரித்து வைக்கலாம் என்றும் சொன்னது.

முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் அரசு வேறு விதமாக முடிவு செய்தது. மாநிலத்தின் நடுவில் ஒரே பெரிய தலைநகரம் வேண்டும் என்றது. கிருஷ்ணா நதியின் தென்கரையில் இடம் தேர்ந்தெடுத்தது. அமராவதி என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரில் பக்கத்திலேயே ஒரு பழைய ஊர் இருக்கிறது. அங்கே பழங்காலத்துப் புத்த ஸ்தூபி உண்டு.

புதிய நகரத்தின் பரப்பு 217 சதுர கிலோமீட்டர். அதற்குள் 29 கிராமங்கள் இருக்கின்றன. 2015 அக்டோபர் 22 அன்று பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார்.

பெரியவர் சொன்னது சரிதான். அது ஊர் இல்லாத இடம் அல்ல. வாழை, பருத்தி, காய்கறி, பூ எல்லாம் விளைந்த மண் அது. ஆற்றை ஒட்டிய நிலத்தை ‘ஜரீபு’ என்பார்கள். சில அடி தோண்டினால் தண்ணீர் வரும். வருடம் முழுவதும் பயிர் செய்யலாம். வருடம் முழுவதும் கூலி வேலையும் கிடைக்கும்.

நிலம் எப்படி வந்தது?

பொதுவாக அரசு நிலம் எடுத்தால் பணம் கொடுக்கும். அமராவதியில் வேறு முறை வைத்தார்கள். ‘நிலம் சேர்ப்புத் திட்டம்’ என்று அதற்குப் பெயர். விவசாயி தன் நிலத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அரசு அதில் சாலை, சாக்கடை, மின்சாரம் எல்லாம் போடும். பிறகு ஒரு பகுதியை மனையாக்கி விவசாயிக்கே திருப்பிக் கொடுக்கும். மிச்ச நிலத்தில் நகரம் கட்டும்.

ஏறக்குறைய 29,000 விவசாயிகள் 34,000 ஏக்கர் அளவுக்கு நிலம் கொடுத்தார்கள். இவர்களில் பலர் சிறு விவசாயிகள். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்தவர்கள்.

நாமும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட். சதுர கஜத்தில் சொன்னால் 4,840 சதுர கஜம்.

ஒரு விவசாயி ஓர் ஏக்கர் புன்செய் நிலம் கொடுத்தார். அவருக்குத் திருப்பித் தருவதாகச் சொன்னது:
வீட்டு மனை 1,000 சதுர கஜம்
கடை மனை 250 சதுர கஜம்
ஆக மொத்தம் 1,250 சதுர கஜம்

அதாவது ஏறக்குறைய 26 சென்ட். கொடுத்தது 100 சென்ட், திரும்பி வருவது 26 சென்ட். ஜரீபு நிலம் என்றால் கடை மனை 450 சதுர கஜம். மொத்தம் ஏறக்குறைய 30 சென்ட்.

கால் பங்குதானே, இது நஷ்டம் இல்லையா என்று தோன்றும். நகரம் வந்தால் அந்தக் கால் பங்கின் விலை பல மடங்கு ஏறும். அந்த நம்பிக்கையில்தான் பலர் கொடுத்தார்கள். ஆனால் நகரம் வந்தால்தான் விலை ஏறும். வராவிட்டால்? அந்தக் கேள்வி பிறகு வந்தது.

மனை கிடைக்கும் வரை விவசாயி சாப்பிட வேண்டாமா? அதற்காகப் பத்து வருடங்களுக்கு ஆண்டுத்தொகை தருவதாகச் சொன்னார்கள். புன்செய் ஏக்கருக்கு முதல் வருடம் 30,000 ரூபாய். ஜரீபு ஏக்கருக்கு 50,000 ரூபாய். ஒவ்வொரு வருடமும் தொகை கொஞ்சம் கூடும்.

பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்

நிலம் வைத்திருந்தவருக்குப் பட்டா இருந்தது. ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். அந்த நிலத்தில் நாற்று நட்டவர், களை எடுத்தவர், பூப் பறித்தவர் என்ன ஆனார்கள்?

நிலம் இல்லாத கூலிக் குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய் உதவித்தொகை என்று திட்டத்தில் எழுதினார்கள். இதையும் கணக்குப் போடுங்கள். 2,500 ரூபாயை 30 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 83 ரூபாய். ஓர் ஆளுக்கு அல்ல, ஒரு குடும்பத்துக்கு 83 ரூபாய்.

குத்தகைக்கு உழுதவர் நிலை என்ன? பட்டாவில் அவர் பெயர் இல்லை. ஆண்டுத்தொகையும் மனையும் பட்டாதாரருக்குத்தான்.

இதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் ஓர் அம்மா சொன்னார்: “எங்க ஊர்லயும் அப்படித்தான் தம்பி. இருபது வருஷம் நாங்க உழுதோம். ஒரு காகிதத்துலயும் எங்க பேரு இல்ல.” அன்று வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நின்று போன வேலை

2016இல் வெலகபூடி கிராமத்தில் தற்காலிகச் செயலகம் வந்தது. 2017இல் சட்டசபை அங்கே கூடியது. 2019இல் உயர் நீதிமன்றமும் அமராவதிக்கு வந்தது.

2019இல் தேர்தல் நடந்தது. ஆட்சி மாறியது. ஜெகன் மோகன் ரெட்டி முதலமைச்சர் ஆனார். ஒரே ஊரில் எல்லாம் வேண்டாம், மூன்று தலைநகரங்கள் வைக்கலாம் என்று அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தார். செயலகம் விசாகப்பட்டினத்தில், சட்டசபை அமராவதியில், உயர் நீதிமன்றம் கர்னூலில் என்பது திட்டம். எல்லாப் பகுதிகளும் வளர வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

நிலம் கொடுத்தவர்கள் திகைத்துப் போனார்கள். நிலத்தில் பயிர் இல்லை. மனையில் சாலை இல்லை. பாதி எழும்பிய கட்டடங்கள் அப்படியே நின்றன. சுற்றிலும் முள்செடி வளர்ந்தது. ஆண்டுத்தொகையும் சில வருடங்களில் தாமதமாக வந்தது.

விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். பெண்கள் முன்னால் நின்றார்கள். 2021 நவம்பரில் துள்ளூரிலிருந்து திருப்பதி வரை நடந்தே போனார்கள். நான்கு வருடங்களுக்கு மேல் போராட்டம் நீடித்தது.

நீதிமன்றத்துக்கும் போனார்கள். கையில் என்ன இருந்தது? அரசோடு செய்த ஒப்பந்தப் பத்திரம் இருந்தது. மூன்று தலைநகரச் சட்டத்தை அரசு 2021 நவம்பரில் திரும்பப் பெற்றது. 2022 மார்ச் 3 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒப்பந்தத்தில் சொன்னபடி மனைகளைச் சீர் செய்து கொடுக்க வேண்டும், தலைநகரைக் கட்ட வேண்டும் என்றது. அதற்கு மாதக் கெடுவும் வைத்தது. அந்தக் கெடுவை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் நிறுத்தி வைத்தது.

2024 ஜூனில் ஆட்சி மறுபடியும் மாறியது. சந்திரபாபு நாயுடு திரும்ப முதலமைச்சர் ஆனார். அமராவதிதான் தலைநகரம் என்றார். உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் தர ஒப்புக்கொண்டன. 2025 மே 2 அன்று பிரதமர் வந்து பணிகளை மீண்டும் தொடங்கி வைத்தார். முள்செடிகளை வெட்டினார்கள். கிரேன்கள் வந்தன. கட்டட வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. அதனால்தான் மேஸ்திரிகள் ஆள் தேடுகிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பத்திரம் இருந்தவர் நீதிமன்றம் போக முடிந்தது. பத்திரம் இல்லாத கூலிக்காரர் எதைக் காட்டிக் கேட்பார்?

கடல் கடந்த ஒரு கதை

மலேசியாவிலும் இப்படி ஒரு நகரம் கட்டினார்கள். புத்ராஜெயா என்று பெயர். கோலாலம்பூருக்குத் தெற்கே 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 1990களில் கட்டத் தொடங்கினார்கள். 1999இல் பிரதமர் அலுவலகம் அங்கே மாறியது. பெரிய ஏரி, அழகான பாலங்கள், அகலமான சாலைகள் எல்லாம் உண்டு.

அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது தெரியுமா? ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் இருந்தன. பெராங் புசார் என்பது அதில் ஒன்று. அங்கே பால் வெட்டியவர்கள் தமிழர்கள். நம் ஊர்களிலிருந்து கப்பல் ஏறிப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தவர்கள். ஆனால் நிலம் தோட்ட முதலாளிக்குச் சொந்தம். லயத்து வீடும் முதலாளிக்குத்தான் சொந்தம்.

நகரம் வந்தபோது ஏறக்குறைய 400 குடும்பங்கள் வெளியேறின. டிங்கில் என்ற ஊரில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். அந்தச் சுவர்களில் பின்னர் விரிசல் விட்டது. தனி வீடு தருவதாகச் சொன்னீர்களே என்று அந்த மக்கள் இருபது வருடங்களுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தேர்தல்தோறும் புது வாக்குறுதி வந்தது.

பிரேசில் நாட்டிலும் பிரசீலியா என்ற தலைநகரம் கட்டினார்கள். 1960இல் திறந்தார்கள். அதைக் கட்டிய கூலித் தொழிலாளிகளுக்கு நகரத்தின் நடுவில் இடம் இல்லை. வெகு தூரத்தில் தனி ஊர்களில் குடியேறினார்கள்.

நாடு வேறு, மொழி வேறு. கதை ஒன்றுபோலத்தான் இருக்கிறது. கோடு போடும்போது சாலைக்கு இடம் ஒதுக்குகிறார்கள். பூங்காவுக்கு இடம் ஒதுக்குகிறார்கள். கல் சுமக்கும் ஆளுக்கு இடம் ஒதுக்க மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் புதிய நகரமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. சண்டிகர் நகரைப் பாருங்கள். 1947இல் நாடு பிரிந்தபோது லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. நம் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. அதற்காகக் கட்டிய நகரம்தான் சண்டிகர். ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்திலேயே கடை, பள்ளி, பூங்கா வைத்தார்கள். திட்டமிட்டால் நன்றாக வாழலாம். ஆனால் திட்டத்தில் எல்லோரும் இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

அக்காவுக்கு என்ன சொன்னோம்?

வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பேசினோம். அக்காவின் வீட்டுக்காரர் வேலைக்குப் போகலாம். ஆனால் போவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். அக்கா ஒரு தாளில் தாமே எழுதிக்கொண்டார்.

1. நாள் கூலி எவ்வளவு? வாரம் ஒரு முறையா, மாதம் ஒரு முறையா?
2. முன்பணம் எவ்வளவு? எவ்வளவு பிடிப்பார்கள்? எழுதித் தருவார்களா?
3. தங்க இடம், குடிதண்ணீர், கழிப்பறை உண்டா?
4. கம்பெனி பெயர் என்ன? மேஸ்திரியின் முழுப் பெயர், ஊர், போன் நம்பர் என்ன?
5. அடிபட்டால் யார் பொறுப்பு?

இன்னும் இரண்டு விஷயங்களும் சொன்னோம். கட்டடத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. 18 வயதுக்கு மேல், 60 வயதுக்குள் இருப்பவர்கள் பதிவு செய்யலாம். ஒரு வருடத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். ரேஷன் அட்டையையும் மறக்க வேண்டாம். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் வெளி மாநிலத்திலும் அரிசி வாங்கலாம்.

வேலை செய்த நாட்களைத் தினமும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். தேதி போட வேண்டும். வாங்கிய பணத்தையும் எழுத வேண்டும். அந்த நோட்டுதான் நம்முடைய பத்திரம்.

அக்கா எழுதி முடித்துவிட்டு மெதுவாக ஒரு முறை படித்தார். ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது. அதைச் சேர்த்தார். பிறகு சொன்னார்:

“போன தடவை வேலூர்ப் பக்கம் வேலைக்குப் போனப்ப வெத்துத் தாள்ல கைநாட்டு வச்சிட்டு வந்தாரு தம்பி. இந்தத் தடவை நான் படிச்சுப் பார்த்துட்டுத்தான் அனுப்புவேன்.”

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் அணை, சாலை, தொழிற்சாலை எதற்காவது நிலம் எடுத்தார்களா? நிலம் இல்லாத கூலிக்காரர்களுக்கு என்ன கிடைத்தது?
2. ஓர் ஏக்கர் ஜரீபு நிலத்துக்கு முதல் வருட ஆண்டுத்தொகை 50,000 ரூபாய். ஒரு மாதத்துக்கு எவ்வளவு வரும்? கணக்குப் போடுங்கள்.
3. நீங்கள் ஒரு புதிய ஊர் கட்டினால் எதை முதலில் வைப்பீர்கள்? தாளில் படம் வரைந்து காட்டுங்கள்.
4. உங்கள் வீட்டில் என்னென்ன பத்திரங்கள் இருக்கின்றன? அவற்றில் யார் பெயர் இருக்கிறது? வீட்டுப் பெண்களின் பெயர் இருக்கிறதா? எடுத்துப் படித்துப் பாருங்கள்.